ஊசிக்குப் பிந்தைய ஆறு மாதங்கள்: பிஆர்பி சிகிச்சையும் முழங்காலின் மீட்சியும்

முழங்கால் தேய்மானத்துக்கு வலி மாத்திரை, அது பலிக்காவிட்டால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்று இரண்டே வழிகள் சொல்லப்பட்ட காலம் மாறிவிட்டது. இரண்டுக்கும் நடுவே இன்று ஊசிகளின் வரிசை ஒன்று நிற்கிறது. ஸ்டீராய்டு, ஹயலுரானிக் அமிலம், நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து தயாரிக்கும் பிஆர்பி, எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுக்கும் செல்கள் எனப் பல. ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே ஆகிய ஐந்து இடங்களில் சுமார் 5,000 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகச் சொன்னது. இவ்வளவு பேரைத் தொடும் நோய்க்கு அறுவை இல்லாத தீர்வு ஒன்று கிடைக்குமென்றால் மக்கள் அதை நாடுவது இயல்பே. ஆனால் ஊசி போடலாமா வேண்டாமா என்பதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, ஊசி போட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. “இரண்டு நாள் ஓய்வெடுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள்” என்பதோடு அறிவுரை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இந்தச் சிகிச்சையின் பயன் ஊசிக்குழலுக்குள் இருப்பதைவிட அதற்குப் பிந்தைய ஆறு மாதங்களில்தான் அதிகம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். குருத்தெலும்பு வளரும் என்று காத்திருப்பவர் அந்த மாதங்களை இழக்கிறார். வலி குறைந்த இடைவெளியில் தொடைத் தசையை வளர்ப்பவர் அவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

முதலில் பிஆர்பி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கையிலிருந்து சில பத்து மில்லி ரத்தம் எடுத்து, சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றுகிறார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா பிரிகிறது. அதில் பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் செறிந்திருக்கும் பகுதியை மட்டும் உறிஞ்சியெடுத்து முழங்காலுக்குள் செலுத்துகிறார்கள். சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். தயாரிப்பு முறையைப் பொறுத்து அந்தச் செறிவு சில மடங்கு உயரும். காயம்பட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைப்பதோடு, திசுக்களைச் சீர்செய்யத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளையும் தட்டணுக்கள் வெளியிடுகின்றன. மூட்டுக்குள்ளும் அவை அதே வேலையைச் செய்து அழற்சியைத் தணிக்கும் என்பதே சிகிச்சையின் அடிப்படை. இதுவரை தர்க்கம் சரிதான். சிக்கல் குருத்தெலும்பில் இருக்கிறது. அதற்கு ரத்த நாளமும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால்தான் தோலும் எலும்பும் ஆறுவதுபோல அது ஆறுவதில்லை. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்பதை உடற்கூறியலாளர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே எழுதிவைத்தார். அந்தக் கூற்றை முழுமையாகப் பொய்யாக்கும் ஊசி எதுவும் இன்றுவரை வரவில்லை.

ஆய்வுகளின் முடிவுகள் ஒரே திசையில் செல்லவில்லை. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 78 நோயாளிகளின் 156 முழங்கால்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, பிஆர்பி செலுத்தியவர்களுக்கு உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்ததைக் காட்டியது. ஒரு ஊசிக்கும் இரண்டு ஊசிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆறாம் மாதத்தை நெருங்கும்போது பலன் மங்கத் தொடங்கியது. இந்தக் கடைசித் தகவலை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும். எட்டு ஆண்டுகள் கழித்து, ஆய்வாளர் கிம் பென்னெல் தலைமையில் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வேறொரு முடிவைத் தந்தது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள். பாதிப் பேருக்குப் பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பலனை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து, பத்துக்கு இத்தனை என்று அளக்கும் வலி மதிப்பெண் பிஆர்பி குழுவில் 2.1-உம் உப்புநீர்க் குழுவில் 1.8-உம் குறைந்திருந்தது. எம்ஆர்ஐயில் அளந்த குருத்தெலும்பின் கனஅளவு இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் தேய்ந்தது: ஒன்றில் 1.4 விழுக்காடு, மற்றொன்றில் 1.2 விழுக்காடு. செல்களைச் செலுத்தும் சிகிச்சையின் கதையும் இப்படித்தான். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று மூலங்களிலிருந்து பெற்ற செல்களை ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் 475 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை. வல்லுநர் அமைப்புகளும் இதனால் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 2019-இல் முழங்கால் தேய்மானத்துக்குப் பிஆர்பி வேண்டாம் என்று அழுத்திச் சொன்னது. அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் அகாடமி 2021-இல், வலி குறையலாம் என்று மட்டுப்பட்ட பரிந்துரை வழங்கியது.

பிஆர்பியை ஆதரிக்கும் மருத்துவர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பை வைக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வில் செலுத்திய தட்டணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவு, மருந்தையே போதுமான அளவு கொடுக்காமல் மருந்து பலிக்கவில்லை என்பது எப்படிச் சரி என்று கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2021-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, ஒரு முறைக்கு ஆயிரம் கோடித் தட்டணுக்கள் செலுத்தியபோது நீடித்த பலன் கிடைத்ததாகச் சொல்கிறது. பிஆர்பி என்ற ஒரே பெயரில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வெவ்வேறு திரவங்கள் தயாராகின்றன என்பதும் மெய். சில தயாரிப்புகளில் வெள்ளணுக்கள் அதிகம், சிலவற்றில் குறைவு. எத்தனை தட்டணுக்கள் உள்ளே போயின என்பதைப் பல இடங்களில் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆனால் இந்த மறுப்பு இரண்டு பக்கமும் வெட்டும். அளவுதான் தீர்மானிக்கிறது என்றால், தான் செலுத்திய அளவை எழுதித் தராத எந்த மருத்துவமனையும் பலனை உறுதியாகச் சொல்ல முடியாது. மேலும், அதிக அளவு கொடுத்த ஆய்வுகளின் பலமும் வலி குறைந்து இயக்கம் மேம்பட்டதில்தான் இருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளர்ந்துவிட்டது என்ற நிலையை அவையும் நிறுவவில்லை. சர்ச்சை எந்தப் பக்கம் தீர்ந்தாலும் நோயாளிக்குப் பொருந்தும் முடிவு ஒன்றுதான்: இந்த ஊசியிடமிருந்து எதிர்பார்க்கத் தக்கது, சில மாதங்களுக்கு வலி குறைவது.

ஆஸ்திரேலிய ஆய்வில் உப்புநீர் பெற்றவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்ததே, அது எப்படி? மூட்டுத் தேய்மானத்தின் வலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருத்துவரைத் தேடிப் போகிறார். எதுவும் செய்யாமலிருந்தாலும் உச்சத்துக்கு அடுத்து இறக்கம்தான் வரும். அதோடு, மூட்டுக்குள் ஊசி போடுவதற்கே ஒரு பலன் உண்டு. போலி மாத்திரையைவிட மூட்டில் போடும் போலி ஊசி வலியை அதிகம் குறைக்கிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய மதிப்பீடு 2015-இல் காட்டியது. இதை வைத்து நோயாளியின் நிவாரணத்தைக் கற்பனை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. மூன்று மாதம் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிந்தவருக்கு அந்த ஏற்றம் உண்மையானது. காரணம் எதுவாயினும் அந்த நிவாரணம் காலவரையறை உள்ளது என்பதே முக்கியம். எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். வலி குறைந்திருக்கும் அந்தச் சில மாதங்களில், வலி திரும்பி வரும்போது தாங்கக்கூடிய முழங்காலை எப்படி ஆக்கிக்கொள்வது?

முதல் இரண்டு வாரங்களுக்குப் பொறுமைதான் தேவை. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் மூட்டு கனத்து, வீங்கி, விண்விண்ணென்று வலிப்பது பலருக்கும் உண்டு. இரண்டு மூன்று நாளில் அது தணியும். சிகிச்சை கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். வலி மிகுந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைத் தடுப்பவை என்பதால் ஊசிக்கு முன்னும் பின்னும் ஓரிரு வாரம் அவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். ஆனால் இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது. வீக்கம் கண்டதும் தைலம் போட்டு அழுத்தி நீவுவதையும் இந்த நாட்களில் விட்டுவிட வேண்டும். ஓய்வு என்றால் படுக்கையோடு கிடப்பதல்ல. வீட்டுக்குள் நடக்கலாம், காலை மெதுவாக நீட்டி மடக்கலாம். மாடி ஏறி இறங்குவது, குத்துக்காலிடுவது, நெடுநேரம் நிற்பது ஆகியவற்றை மட்டும் தள்ளிப்போடலாம். எச்சரிக்கைக் குறிகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சிவந்து கொதித்தாலோ, நாளுக்கு நாள் வலி கூடிக் காலை ஊன்றவே முடியாமல் போனாலோ மூட்டுக்குள் கிருமி தொற்றியிருக்கலாம். அது அரிது என்றாலும் வந்தால் மிக விரைவாக மூட்டைக் கெடுக்கும். ஆகவே மறுசந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் வாரம் தொடங்கும் கட்டத்தில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. மிகப் பலர் இதைக் கைநழுவ விடுகிறார்கள். முழங்கால் நோயில் குருத்தெலும்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், தொடையின் முன்பக்கத் தசையை மறந்துவிடுகிறோம். முழங்காலில் வலியோ நீரோ சேர்ந்தால் அந்தத் தசையை இயக்கும் நரம்புக் கட்டளையை உடலே மட்டுப்படுத்திவிடுகிறது. வலியே இல்லாத நல்ல முழங்காலில் இருபது முப்பது மில்லி உப்புநீரைச் செலுத்தினாலே, அந்தத் தசையின் உட்புறப் பகுதி சரிவரச் சுருங்காமல் போவதை 1980-களின் ஆய்வுகள் காட்டின. ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்பவரின் தொடை மெலிவதற்கு இது ஒரு காரணம். மெலிந்த தசை அதிர்ச்சியைத் தாங்காது. சுமை முழுவதும் மூட்டின் மேல் இறங்கும், வலி கூடும், தசை மேலும் மெலியும். இந்தச் சுழற்சியை உடைக்க வேண்டுமானால் தசையை வேலை வாங்க வேண்டும், வேலை வாங்கவிடாமல் தடுப்பது வலி. ஊசியின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. வலி தளரும் வாரங்களில் தசைக்குப் போகும் கட்டளை மறுபடி திறக்கிறது. அப்போது பயிற்சி செய்யாதவர், சில மாதம் கழித்து வலி திரும்பும்போது பழைய தசையோடுதான் அதை எதிர்கொள்வார்.

பயிற்சி என்றதும் உடற்பயிற்சிக் கூடத்தை நினைக்க வேண்டியதில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை நசுக்குவதுபோலத் தொடையை இறுக்கிச் சில நொடி பிடிப்பது முதல் படி. மல்லாந்து படுத்து மடக்காத காலை ஓரடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது இரண்டாவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருவது மூன்றாவது. இதில் தேர்ந்த பின், ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது. டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி வேறு பல நாடுகளுக்கும் பரவிய ‘கிளாட்’ திட்டம் வாரம் இரண்டு முறையாகப் பன்னிரண்டு அமர்வுகளில் இத்தகைய பயிற்சிகளைக் கற்றுத்தருகிறது. வலியைக் கையாள அது தரும் விதி எளிமையானது. பத்தில் ஐந்துக்கு மேல் வலி போகாமல், கூடிய வலி ஒரு நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் பயிற்சியின் அளவு சரி. திரும்பாவிட்டால் நிறுத்த வேண்டாம், அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறது அது. எடையும் இதே கணக்கில் சேரும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உடற்பருமன் உள்ள 454 பேரைப் பதினெட்டு மாதம் தொடர்ந்த இன்னோர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் எடையில் சுமார் 11 விழுக்காடு குறைத்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்களுக்கு வலியும் குறைந்தது, நடையும் தேறியது.

ஊசியையும் இயன்முறைச் சிகிச்சையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களின், வலியையும் இயக்கச் சிரமத்தையும் சேர்த்து அளக்கும் துன்ப மதிப்பெண் சராசரி 55.8, இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களுடையது 37.0. இரு குழுக்களும் 107, 108 என்ற அளவில் தொடங்கியவை. அது பிஆர்பி ஊசி அல்ல என்பது சரியே. ஆனால் பலன் எது நிலைக்கும், எது கரையும் என்பதற்கு அது நல்ல சான்று.

இங்கே இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே எதிரான மிகக் கூர்மையான மறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். டென்மார்க்கில் 206 பேரிடம் நடந்த ஆய்வில், எட்டு வாரப் பயிற்சியும் விளக்க வகுப்பும் ஒரு குழுவுக்கு, வெறும் உப்புநீர் ஊசிகள் மற்றொரு குழுவுக்கு. அது உப்புநீர்தான் என்று சொல்லியே போட்டார்கள். வலி குறைந்த அளவில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின், பயிற்சி பற்றிய மதிப்பீட்டின் 2024 பதிப்பும் பலன் உண்டு, ஆனால் அது சிறியது என்ற தொனியிலேயே பேசுகிறது. பிஆர்பியை உப்புநீரோடு ஒப்பிட்டுக் குறை சொல்பவர் பயிற்சியையும் அதே தராசில் நிறுத்த வேண்டாமா? நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்திப் பார்த்தால் தெரிவது, குறுகிய கால வலி மதிப்பெண்ணில் பயிற்சியும் அற்புதம் செய்வதில்லை என்பது. ஆனால் இரண்டும் சமம் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. பயிற்சி தசையைக் கூட்டுகிறது, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க உதவுகிறது, முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தைக் குறைக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் பலருக்கு இந்த நோய்களும் கூடவே இருக்கின்றன. வலிக்கணக்கில் மட்டும் சமமாக நிற்கும் இரண்டில், ஒன்று உடல் முழுவதற்கும் நன்மை தருகிறது, செலவும் ஏறக்குறைய இல்லை, வேண்டுமட்டும் திரும்பச் செய்யலாம். மற்றொன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும், சில மாதத்தில் தேய்ந்துவிடும். தேர்வு கடினமல்ல. இரண்டையும் சேர்த்துச் செய்ய விரும்புபவருக்கும் எதை விடக் கூடாது என்பது இதிலிருந்து தெளியும்.

தேய்ந்த மூட்டை மேலும் அசைத்தால் இன்னும் தேயாதா என்ற அச்சம் அடுத்தது. வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துவிடுவது இந்த அச்சம்தான். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லை என்று முன்பு பார்த்தோம். சுமை ஏறி இறங்கும்போது மூட்டுத் திரவம் அதற்குள் புகுந்து வெளியேறுவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அளவான பயிற்சி குருத்தெலும்பைக் கெடுப்பதில்லை என்றே எம்ஆர்ஐ ஆய்வுகளின் தொகுப்பும் சொல்கிறது. கெடுக்கும் ஊசி ஒன்றுண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என இரண்டாண்டு ஸ்டீராய்டோ உப்புநீரோ செலுத்தி 140 பேரிடம் நடந்த ஆய்வில், உப்புநீர் பெற்றவர்களைவிட ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது, வலியிலோ வேறுபாடு இல்லை. ஆகவே பிஆர்பி பலிக்காவிட்டால் ஸ்டீராய்டுக்கு மாறி அதையே தொடர்வது நல்ல வழியல்ல. தரையில் சம்மணமிடுவது, குத்துக்காலிட்டு இந்தியக் கழிப்பறையில் அமர்வது, தாழ்வான இடத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவது போன்றவற்றை மீட்சிக் காலத்தில் குறைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. முழங்கால் முழுதாக மடங்கும்போது மூட்டின் அழுத்தம் மிகுகிறது. அசைவையே குறைப்பது அல்ல, ஆழமாக மடக்குவதைக் குறைப்பதே இதன் பொருள்.

சமையலும் வயல் வேலையும் கடை வேலையும் பார்க்கும் பெண்களுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே, பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்ற கேள்வி மிக வலுவானது. அதை அறிவுரையால் கடந்துவிட முடியாது. ஆனால் ஊசிக்குப் பணம் திரட்டிய குடும்பத்துக்குப் பயிற்சி கூடுதல் சுமை என்பது கணக்குக்கு ஒத்துவராது. மேலே சொன்ன நான்கு பயிற்சிகளுக்கு ஒரு துண்டும் ஒரு நாற்காலியும் ஒரு படியும் போதும், ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்தை ஒதுக்கித் தருவது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை. அரசுத் தரப்பிலும் வழி இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அடக்கம். முழங்கால் வலிக்காரர்களுக்கும் அதன் பயன் பரவலாகப் போய்ச் சேர வேண்டும்.

அப்படியானால் ஊசியே எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். தொடக்க, நடு நிலைத் தேய்மானம் உள்ளவர், முறையாகச் சில மாதம் பயிற்சி செய்தும் வலி விடாதவர், செலவைத் தாங்கக்கூடியவர் ஆகியோருக்கு அது ஒரு துணையாக இருக்கலாம். மூட்டு இடைவெளி முற்றிலும் அடைபட்டுக் கால் வளைந்துவிட்ட நிலையில் ஊசியை நம்பித் தள்ளிப்போடுவதைவிட, மூட்டு மாற்று அறுவைக்கு நேரம் வந்துவிட்டதா என்று கேட்பதே மேல். ஊசி போட்டவர் பலனை மனப்பதிவால் அளக்காமல் வேலையால் அளக்க வேண்டும். முப்பது நொடியில் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று ஊசிக்கு முந்தைய நாள் எண்ணி எழுதிவையுங்கள். ஆறாம் வாரமும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலோருக்கு முன்னேற்றம் ஒரு மாதத்துக்குப் பிறகே தெரியத் தொடங்கும், அதனால் இரண்டாம் வாரத்தில் மனம் தளர வேண்டாம். ஆறு மாதத்தில் எண்ணும் கூடவில்லை, வலியும் குறையவில்லை என்றால் அடுத்த ஊசிக்குச் சம்மதிக்க எந்தக் காரணமும் இல்லை.

மருத்துவமனைகளிடமும் நாம் கேட்க வேண்டியவை உண்டு. என்ன முறையில் தயாரித்தீர்கள், எத்தனை தட்டணுக்கள் செலுத்தினீர்கள் என்பதை நோயாளியின் கையில் எழுத்தில் தர வேண்டும். வாரவாரியான பயிற்சித் திட்டமும் எச்சரிக்கைக் குறிகளும் தமிழில் அச்சிட்டு அதோடு இணைந்திருக்க வேண்டும். குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என்ற வாக்குறுதியை விளம்பரத்திலிருந்து நீக்க வேண்டும். சான்று அதைத் தாங்கவில்லை என்பதோடு, அந்த வாக்குறுதிதான் நோயாளியைச் சும்மா காத்திருக்க வைக்கிறது. ஊசி போடுபவரின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதி ஆறு மாத வேலையை நோயாளி செய்கிறார். அவர் தனியாகச் செய்யாதபடி அருகில் நிற்கும் மருத்துவம்தான் இந்தச் சிகிச்சைக்கு வாங்கும் பணத்துக்கு நேர்மையானது.